முளையை மறைக்காத பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது தமிழர் நாவில் பழகிவிட்ட பழமொழி. ஒருவர் பெயரும் புகழும் பெற்ற பிறகு அவருடைய இளமையை எடுத்துரைப்போர் இப்பழமொழியைக் கூறாமல் விடுவதில்லை. ஆயினும், நாற்று மேடையில் வேலை செய்து பழகியவர்கள் இதனை அத்துணை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்குச் செல்லும் சாலையில், காப்பாரைத் தாண்டிச் சென்றால் ஜெராம் வருகிறது. கடலை ஒட்டிய பக்கத்தில் மீனவர் படகுகளும் கடலுணவுக் கடைகளும்; உள்நோக்கித் திரும்பினால் செம்பனைத் தோட்டங்கள். இதே மாவட்டத்தில், பெயரிலேயே தமிழைச் சுமந்து நிற்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. பால்மரத்தை நம்பி வந்த தமிழர், காலப்போக்கில் செம்பனையின் குணத்தையும் கற்றுக்கொண்டனர். செம்பனைக் கன்று ஏறத்தாழ ஓராண்டு நாற்று மேடையில் வளர்கிறது. ஒடுங்கியவையும் கோணியவையும் கழிக்கப்படுகின்றன. எஞ்சியவை வரிசை வரிசையாக, ஒன்றைப்போல் ஒன்று நிற்கின்றன. எது பெருங்குலை தள்ளும், எது ஏமாற்றும் என்பதை அப்போது அறிந்தவர் எவருமில்லை. முளையிலேயே தெரிந்தது என்பது, விளைச்சலைக் கண்டவர் திரும்பிப் பார்த்துச் சொல்லும் சொல்.

திரும்பிப் பார்த்தல் மனிதனுக்கு இயல்பு. ஆனால், அது எப்போதும் நேர்மையாக இருப்பதில்லை. இன்றைய நிலையிலிருந்து நேற்றைக் காண்பவன், ஒன்று நேற்றை அலங்கரிக்கிறான். அல்லது நேற்றைக் கண்டு நாணி அதனை மறைக்கிறான். இசைக் கலைஞர் ஒருவர் இளமையில் பதிவு செய்த இசைத்தட்டுகள் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வெளியிடப்படும்போது, இவ்விரு போக்குகளும் வெளிப்படையாகத் தெரிகின்றன. பழைய பதிவு யாருக்கு உரியது? வளர்ந்துவிட்ட கலைஞருக்கா? அன்று அதனை வாசித்த இளைஞனுக்கா? அவனோடு அமர்ந்து வாசித்தவர்களுக்கா? காசு கொடுத்து வாங்கிக் கேட்டவர்களுக்கா? பார்வைக்கு இது வணிகச் செய்தியாகத் தோன்றலாம். உள்ளே நுழைந்து பார்த்தால், தன் இளமைக்கு மனிதன் பட்டிருக்கும் கடன் எது என்னும் அறக் கேள்வியே அங்கே நிற்கிறது.

கேள்வி தெளிவாக விளங்குவதற்கு ஒருவரைக் கற்பனையில் நிறுத்திக்கொள்ளலாம். அவர் ஜெராம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பத்தொன்பது வயதில், சம்பளப் பணத்தில் மின்கிட்டார் ஒன்றை வாங்கினார். நான்கு நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். திரைப்பாட்டையே திருப்பி வாசிக்காமல், உறுமி மேளத்தின் தாளத்தைக் கிட்டாரில் கொண்டுவர முயன்றார். அந்த முயற்சியை ஒலிநாடாவில் பதித்து, ஐம்பது படி எடுத்து, மாரியம்மன் திருவிழாவின்போது விற்றார். ஆண்டுகள் உருண்டன. அவர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார், இசையிலும் தேர்ந்தார். இப்போது பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார். ஒரு நாள் அவருடைய மகள் பழைய பெட்டியிலிருந்து அந்த ஒலிநாடாவைக் கண்டெடுத்து, “இதனை மீண்டும் வெளியிடலாமா, அப்பா?” என்று கேட்கிறாள். அவர் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறார். கம்பி சுருதி விலகி ஒலிக்கிறது, தாளம் ஓடுகிறது. “எரித்துவிடு, அம்மா” என்கிறார். தந்தை சொல்வது சரியா? மகள் கேட்பது சரியா? இதற்கு விடை காணுமுன், உண்மையில் நிகழ்ந்த சிலவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்நாட்டு இசை மேடையில் இவ்வகையில் முதலில் நினைவுக்கு வருபவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயதில் தந்தையின் மாண்டலினைக் கையில் எடுத்தார். 1978இல் குடிவாடாவில் நடைபெற்ற தியாகராசர் ஆராதனையில் முதன்முதலாக மேடையேறினார். 1980களின் தொடக்கத்தில், இன்னும் சிறுவனாகவே, சென்னை இசைவிழாவில் வாசித்தார். மாண்டலின் மேலைநாட்டுக் கருவி. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்டது. தட்டிய மாத்திரத்தில் ஒலி தேய்ந்துவிடும். கமகத்தை உயிராகக் கொண்ட கருநாடக இசைக்கு அது ஒத்துவராது என்று ஐயுற்றவர்கள் இருந்ததில் வியப்பில்லை. அவரோ மின்விசையால் ஒலிக்கும் மாண்டலினை எடுத்து, இரட்டைக் கம்பிகளை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகளை அமைத்துக்கொண்டார். தேய்ந்த ஒலி நீண்டது. நீண்ட ஒலியில் கமகம் பிறந்தது. சிறுவன் ஒருவன் செய்த சோதனை, ஒரு கருவிக்குப் புதிய தாய்மொழியையே தந்தது எனலாம்.

அச்சிறுவனின் வாசிப்பு ஒலிநாடாக்களில் ஏறிக் கடல் கடந்த தமிழரின் வீடுகளையும் எட்டியது. பின்னர் ஒலிநாடா குறுவட்டாயிற்று. குறுவட்டும் போய், இன்று கைப்பேசியில் விரல் தொட்டதும் ஒலிக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அச்சிறுவன் வளர்ந்து உலகைச் சுற்றி வந்தான். 1995இல் கனடா நாட்டின் சோதனை இசைக் கிட்டார்க் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து, கனவு என்று பொருள்படும் ‘ட்ரீம்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். ஆங்கிலேயக் கிட்டார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் வாசித்தார். 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், சென்னையில், நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தொடக்ககால இசை என்று எதனைச் சொல்வது? எண்பது வயது வாழ்ந்த ஒருவருக்குப் பன்னிரண்டு வயது தொடக்கம்தான். நாற்பத்தைந்தில் முடிந்துவிட்ட வாழ்வில், அப்பன்னிரண்டு வயது கால் பங்குக்கும் மேற்பட்ட தொலைவு. பின்னது எவ்வளவு என்று தெரியாதவரை, முன்னது இளமைக் காலம் என்றும் பயிற்சிக் காலம் என்றும் ஒதுக்க எவருக்கும் அளவுகோல் இல்லை. மேடையில் அமர்ந்த சிறுவன், ‘இது என் தொடக்கம்’ என்று எண்ணிக்கொண்டு வாசிக்கவில்லை. தன்னிடம் அன்று இருந்தது அனைத்தையும் கொட்டியே வாசித்தான். அன்றைய நாளில் அதுவே அவனுடைய முழுமை. பின்னாளில் வந்த பெருமை அதனைச் சிறிதாகக் காட்டுமே அன்றி, அன்றிருந்த முழுமையை இல்லாததாக்கிவிட முடியாது.

மற்றொன்றும் உண்டு. ஸ்ரீநிவாஸுக்கு ஆசானாக வாய்த்தவர் ருத்ரராஜு சுப்பராஜு. செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. ஆகவே அவர் பாடினார். சிறுவன் பாட்டைக் கேட்டுக் கருவியில் வாசித்தான். கருவியைக் கற்பிக்க இயலாத ஆசிரியர் இசையைக் கற்பித்தார். வாய்ப்பாட்டின் மூச்சும் நிறுத்தமும் கம்பியில் இறங்கியது இவ்வாறுதான். இளமைப் பதிவுகளைக் கேட்பவர் ஒரு சிறுவனை மட்டும் கேட்பதில்லை. பாடிக் காட்டிய ஆசானின் குரலையும் மறைமுகமாகக் கேட்கின்றனர். மாணவன் வளர வளர அவனுடைய சொந்தக் குரல் ஓங்குகிறது. ஆசானின் குரல் மிக அருகில் கேட்பது தொடக்கத்தில்தான். தன் தொடக்கத்தை அழித்துவிட விரும்பும் கலைஞர், தாம் அறியாமலே தம் ஆசானின் கைச்சுவட்டையும் அழித்துவிடுகிறார். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இக்கருத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மறுப்போர் கூற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கலைஞனுக்கு நாணம் கொள்ளும் உரிமை இல்லையா என்று அவர்கள் கேட்பர். கனியாததைக் கடையில் வைப்பது கலைக்கு இழுக்கு அல்லவா? செம்பனைத் தோட்டத்தையே சான்றுக்கு அழைக்கலாம். நட்டு இரண்டரை, மூன்று ஆண்டுகளில் செம்பனை குலை தள்ளத் தொடங்கும். அதற்கு முன்னரே இளமரம் தள்ளும் பூங்கொத்துகளை வெட்டி எறியும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. சிறு காய்க்குச் செல்லும் சத்து, வேருக்கும் தண்டுக்கும் போகட்டும் என்பதே நோக்கம். மரத்தின் நன்மைக்காகவே முதற்பூ வெட்டப்படுகிறது. அதுபோலவே கலைஞனும் தன் முதல் முயற்சிகளை வெட்டி எறிந்தால் என்ன குற்றம்?

குற்றமில்லை. ஆனால், வெட்டுவது பூவாக இருக்கும்போதே வெட்டப்படுகிறது. பழமாகி, குலையை அறுத்து, நிறுத்து, ஆலைக்கு அனுப்பி, எண்ணெயும் பிழிந்தபிறகு, ‘அது சிறு குலை, திருப்பிக் கொடுங்கள்’ என்று எந்த மரமும் கேட்பதில்லை. இங்கேதான் வேறுபாடு இருக்கிறது. கலைஞன் தனக்காக வீட்டில் பதிந்து வைத்த பயிற்சி, பாதியில் நிறுத்திய முயற்சி, எவருக்கும் தராத கைப்படி ஆகியவை அவனுடைய நாற்று மேடைக்குள் இருப்பவை. அவற்றை அழிக்க அவனுக்கு உரிமை உண்டு. அவன் மறைந்தபின் அவற்றைத் தோண்டி எடுத்து விற்போர், பூட்டிய அறைக்குள் நுழைந்தவர்களாவர். ஆனால், ஒருமுறை அவனே மனமுவந்து ஊருக்குத் தந்துவிட்ட இசை, தந்த அந்நாளிலேயே கேட்டவர் வாழ்விலும் கலந்துவிட்டது. எவரோ ஒருவர் துயரத்தில் அதனைக் கேட்டிருப்பார். எந்த வீட்டிலோ அது திருமணத்துக்கு முதல் நாள் ஒலித்திருக்கும். கொடுத்ததைத் திருத்தி வேறொன்றும் கொடுக்கலாம். கொடுக்கவே இல்லை என்று சாதிக்கலாகாது.

திருத்திக் கொடுப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. அமெரிக்காவில் சோதனை வழியிலான ராக் இசையில் பெயர் பெற்ற கிட்டார்க் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா, 1968இல் தம் குழுவினருடன் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். 1980களின் நடுவில் அது மீண்டும் வெளிவந்தபோது, வாங்கியவர்கள் திகைத்தனர். பழைய தட்டில் இருந்த தாளமும் தாழ்சுரக் கிட்டாரும் நீக்கப்பட்டு, வேறு கலைஞர்களைக் கொண்டு புதிதாக வாசிக்கப்பட்டிருந்தன. மூல ஒலிநாடா சிதைந்துவிட்டது என்று காரணம் கூறப்பட்டது. அவர் 1993இல் மறைந்தார். 1995இல் வெளிவந்த பதிப்பில் பழைய வடிவமே மீண்டும் இடம்பெற்றது.

தம் பெயரில் வந்த இசையை மாற்ற அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்திருக்கலாம். அறத்தின் கணக்கு அத்துடன் முடிவதில்லை. நீக்கப்பட்டது யாருடைய வாசிப்பு? இளமையில் அவருடன் வறுமையையும் மேடையையும் பகிர்ந்துகொண்ட தோழர்களின் வாசிப்பு. தலைவனுடைய இளமை என்பது தலைவனுக்கு மட்டும் உரியதன்று. அதனுள் தோழர்களின் இளமையும் பின்னிக் கிடக்கிறது. ஒருவர் தம் பழைய முகத்தைத் திருத்த முனைந்தபோது, அப்படத்தில் அருகில் நின்ற மற்றவர்கள் வெட்டி எடுக்கப்பட்டனர். இளமையை அழகுபடுத்துகிறேன் என்று தொடங்கும் செயல், பிறருக்கு இழைக்கும் அநீதியாக முடிவது இவ்வாறுதான்.

இதற்கு மாறான வழி ஒன்றையும் வேறொரு கலைஞர் காட்டியிருக்கிறார். இங்கிலாந்தில் 1949இல் பிறந்த ஃபிரெட் ஃபிரித், ‘ஹென்றி கௌ’ என்னும் ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர். 1974இல் ‘கிட்டார் சோலோஸ்’ என்னும் தனி வாசிப்புத் தட்டை வெளியிட்டார். நான்கே நாள்களில் பதிவு செய்யப்பட்டது. கம்பிகளில் சிறு கவ்விகளை மாட்டினார். கழுத்தின் மேல்முனையிலும் ஓர் ஒலிவாங்கியைப் பொருத்தி, விரல் அழுத்தும் இடத்துக்கு இருபுறமும் எழும் ஒலியை வெளிக்கொணர்ந்தார். பழகிய செவிக்கு அது கிட்டாராகவே தோன்றாது. தகரக் கூரையில் மழை விழுவதாகவும் தூரத்தில் இயந்திரம் முனகுவதாகவும் தோன்றும். அரை நூற்றாண்டு கழிந்து, 2024இல் அத்தட்டு மீண்டும் வந்தது. இருபத்தைந்து வயதில் வாசித்ததை அவர் திருத்தவில்லை. எழுபத்தைந்தை எட்டும் வயதில் புதிதாகத் தனியே வாசித்த இசையை, பழையதன் அருகில் வைத்து இரண்டையும் சேர்த்தே தந்தார்.

எத்துணை எளிய செயல்! ஆயினும் அதனுள் நேர்மை இருக்கிறது. ‘இது நான் இருந்த இடம், இது நான் வந்து சேர்ந்த இடம். இடையிலுள்ள தொலைவை நீங்களே அளந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லாமல் சொல்கிறது அச்செயல். இளைஞனை முதியவர் அடிக்கவில்லை. முதியவரை இளைஞன் மறைக்கவில்லை. ஒரே வீட்டில் தாத்தாவும் பேரனும் அருகருகே அமர்ந்திருப்பதுபோல் இரு வாசிப்புகளும் அமர்ந்திருக்கின்றன.

இதுவரை கூறியவை திறமை பற்றியவை. கருத்தே மாறிவிட்டால் என்ன செய்வது? தேர்ச்சி குறைந்த பழைய படைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்று ஏற்காத கொள்கையைப் பேசும் பழைய படைப்பை எவ்வாறு ஏற்பது? இதற்கு விடை தேட இசையை விட்டுக் கவிதைக்குச் சற்றே செல்லலாம். பாவேந்தர் பாரதிதாசன் தம் இளமையில் மயிலம் முருகன் மீது துதிப்பாடல்கள் இயற்றியவர். பின்னர்ப் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் தோய்ந்து, கடவுள் மறுப்பைக் கனல் பறக்கப் பாடினார். பாவேந்தரைப் போற்றும் பகுத்தறிவாளருக்கு அத்துதிப்பாடல்கள் சங்கடமாக இருக்கலாம். முருகனடியாருக்கோ பின்னைய பாடல்கள் சங்கடமாக இருக்கலாம். எந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் கிழிபடுவது பாவேந்தரே ஆவார். நம்பிக்கையிலிருந்து மறுப்புக்கு ஒருவர் நடந்து சென்ற வழி, அவ்விரண்டையும் ஒருசேரப் பார்ப்பவருக்கே புலனாகும். துதிப்பாடல் இல்லாவிடில், அவர் துறந்தது எது என்பதும் தெரியாது. துறந்தது தெரியாவிடில், துறவின் துணிவும் தெரியாது. மாறிய மனிதரின் பெருமை மாற்றத்தில் இருக்கிறது; மாற்றத்துக்கு இரு கரைகள் வேண்டும்.

ஆகவே, இளமைப் படைப்பை மீண்டும் வெளியிடுவது தகும் என்று கொள்ளலாம். ஆனால், வெளியிடுவோருக்குக் கடமைகள் உண்டு. ஆண்டு குறிக்கப்படாமல் வெளிவந்த ஒலிநாடாக்களும் குறுவட்டுகளும் பல. உறையில் கலைஞரின் முதிர்ந்த வயதுப் படம் இருக்கும். உள்ளே ஒலிப்பது பதினான்கு வயதுச் சிறுவனின் வாசிப்பாக இருக்கும். வயலின் வாசித்தவர் யார், மிருதங்கம் வாசித்தவர் யார் என்ற குறிப்பும் இராது. பழைய அரிசியைப் புதிய சாக்கில் கட்டி விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பழைய அரிசிக்குத் தனிச் சுவையும் மதிப்பும் உண்டு; பழையது என்று சொல்லி விற்பதே வணிக அறம். எந்த ஆண்டில் பதியப்பட்டது, கலைஞருக்கு அன்று என்ன வயது, உடன் வாசித்தவர் எவர், மறுபதிப்பில் எது மாற்றப்பட்டது என்னும் நான்கையும் உறையில் அச்சிட இரண்டு அங்குல இடம் போதும். அவ்விடத்தை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

கேட்போருக்கும் கடமை உண்டு. பழைய பதிவைக் கேட்பவர் இருவகைப் பிழை செய்கின்றனர். ஒரு சாரார், ‘இவ்வளவுதானா இவர்?’ என்று நகைக்கின்றனர். மற்றொரு சாரார், சுருதி விலகிய இடத்தையும் தெய்வீகம் என்று தொழுகின்றனர். முன்னவர் சிறுவனைப் பெரியவனோடு நிறுத்துப் பார்க்கிறார். பின்னவர் பெரியவனின் புகழைச் சிறுவனுக்கு முடியாகச் சூட்டுகிறார். இருவருமே தம் முன் ஒலிக்கும் இசையைக் கேட்கவில்லை. முளையில் விளைச்சலைத் தேடுவதை விட்டுவிட்டு, முளையை முளையாகவே காண்பதுதான் நேர்மையான பார்வை. அங்கே துணிவும் இருக்கும், தடுமாற்றமும் இருக்கும். இரண்டும் உண்மை.

பள்ளிக்கூடத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை இன்னும் விளங்கும். முதலாம் ஆண்டு மாணவன் சிலேட்டில் எழுதிய கோணல் ‘அ’வைத் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதச் சொல்வது கற்பித்தலின் இயல்பு. ஆனால், அந்தக் கோணலையே அவனுடைய அளவாகக் கொண்டு, ‘இவன் தேறமாட்டான்’ என்று முடிவு கட்டுவது கொடுமை. தோட்டத்துப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர், தம் முதல் தடுமாற்றத்தையே முகவரியாகச் சுமந்து திரிந்திருப்பர்! அதேபோல், தேறி உயர்ந்த பின் அக்கோணல் எழுத்தை மறைக்க நினைப்பதும் ஒரு வறுமையே. உயர் பதவியை அடைந்த சிலர், தாம் பிறந்த லயத்தின் பெயரைச் சொல்லக் கூசுகின்றனர். ஊர் எது என்று கேட்டால், அருகிலுள்ள நகரத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். அதிகாலைப் பிரட்டுக்கு எழுந்து ஓடிய தாயும், பால்வாளி சுமந்த தந்தையும், அரிக்கேன் விளக்கடியில் எழுத்தறிவித்த ஆசிரியரும் அக்கூச்சத்தில் மறைந்துபோகின்றனர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மண்ணில் அழிந்ததை மனத்திலும் அழித்துவிட்டால், அங்கு வாழ்ந்தவர்களுக்குச் சாட்சி சொல்ல யார் இருப்பர்?

மீண்டும் அந்தத் தந்தையிடமும் மகளிடமும் வருவோம். தந்தையின் நாணம் பொய்யன்று. தேர்ந்த செவிக்குத் தன் பழைய பிழை முள்ளாகக் குத்தும். அந்த ஒலிநாடா அவருடைய பெட்டியிலேயே உறங்கிய தனிப்பயிற்சியாக இருந்திருந்தால், அவர் சொல்லே இறுதிச் சொல். மகள் பணிந்துபோதலே முறை. ஆனால், அது ஐம்பது வீடுகளுக்குச் சென்றது. அதில் தபேலா வாசித்த நண்பர் இன்று உயிரோடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கை இவ்வுலகில் விட்டுச் சென்ற ஒலி அது ஒன்றே என்றும் வைத்துக்கொள்வோம். ஒலிநாடாவின் பின்னணியில், இசைக்கு நடுவே, ஒரு குழந்தையின் அழுகையும் கோயில் மணியும் கேட்கின்றன. அந்த லயம் இடிக்கப்பட்டு, அங்கே இன்று வேறு கட்டடங்கள் நிற்கின்றன. ‘எரித்துவிடு’ என்று சொல்லும்போது தந்தை தம் பிழையை மட்டும் எரிக்கவில்லை. நண்பரின் கையையும், அந்த இரவையும், அங்கே அமர்ந்து கேட்ட ஊரையும் சேர்த்தே நெருப்பில் இடுகிறார். அவற்றை எரிக்க அவர் ஒருவருக்கு உரிமை உண்டா?

அவருக்கு உரிய உரிமை வேறு. ‘இது என் பத்தொன்பதாம் வயதில் வாசித்தது, இன்ன இன்ன இடத்தில் தவறினேன்’ என்று சொல்லும் உரிமை உண்டு. உடன் வாசித்தவர் பெயர்களை உறையில் பொறிக்கச் சொல்லும் உரிமை உண்டு, அது கடமையும்கூட. ஃபிரெட் ஃபிரித் செய்ததுபோல், இன்றைய கையால் ஒரு வாசிப்பை வாசித்து அருகில் வைக்கும் உரிமை உண்டு. பழையதன்மீது வண்ணம் பூசுவதைவிட, பழையதன் பக்கத்தில் புதியதை வைப்பது மேலானது. வண்ணம் பூசுபவர் இளமையோடு பொருதுகிறார். பக்கத்தில் வைப்பவர் இளமையோடு உரையாடுகிறார்.

பால்மரத்தில் ஒரு பக்கம் வெட்டி முடிந்தால், அப்பட்டை ஆறி மறுபட்டை வளர்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆறிய பட்டையிலும் பால் வரும். ஆயினும், பழைய வெட்டின் தழும்பு மரத்தை விட்டு நீங்குவதில்லை. தழும்பைத் தடவிப் பார்த்தே, முன்பு வெட்டியவன் கத்தியைப் பதமாகப் பிடித்தானா, ஆழமாக இறக்கிவிட்டானா என்று பழகிய தொழிலாளி சொல்லிவிடுவார். அவர் தழும்பைப் பழிப்பதுமில்லை, பூசை செய்வதுமில்லை. அதனைப் பார்த்து அடுத்த வெட்டை எப்படி இறக்குவது என்று தெரிந்துகொள்கிறார்.

மனிதன் தன் இளமையை அவ்வாறு நோக்கப் பழகுதல் வேண்டும். அந்தத் தந்தை சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு மகளிடம் ஒலிநாடாவை மீண்டும் ஒருமுறை ஓடவிடச் சொன்னால் போதும். இம்முறை தம் பிழையைத் தேடாமல், தபேலாவைக் கேட்பாராக.